ஊராத தேர்கள்



இலக்கியத் தொடரிலே விளையாட்டுக் கார்களைப் பற்றிப் பேச வந்துவிட்டானே இந்தத் தமிழாசிரியன் என்று உங்களில் ஒரு சிலராவது முகஞ் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு முதலில் ஒரு சமாதானம் சொல்லிவிடுகிறேன். ஆண்பாற் பிள்ளைத்தமிழிலே பத்தாவதாக நிற்கும் பருவம் சிறுதேர்ப் பருவம். பட்டினப்பாலை, குதிரை பூட்டாமற் குழந்தைகள் உருட்டித் திரியும் மூன்று சில்லுத் தேரைக் காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையோ, தச்சர் செய்துகொடுத்த, எவரும் ஏறி ஊராத தேரொன்றை உருட்டி விளையாடிக் களைத்த பிள்ளைகளைப் பாலூட்டித் தூங்க வைக்கிறது. ஏறிச் செல்லாத தேர் என்று அதனைச் சுட்டிய புலவனின் நுட்பத்தை நான் வகுப்பிலே பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஏறிப் போக முடியாத ஒரு வண்டியை மனிதன் ஏன் இத்தனை கவனத்தோடு செய்கிறான்? இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமையும். ஆனால் நாம் போகப்போவது காவிரிப்பூம்பட்டினத்துக்கல்ல. அமெரிக்காவின் மோட்டார் நகரமான டிட்ரோயிட்டுக்கு.

தொண்ணூறுகளின் முற்பகுதியிலே, பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்திற் பள்ளிச் சிறுவனாக இருந்தவன் நான். எங்களுடைய கார்கள் மீன் ரின்னில் உருவானவை. தேய்ந்த இறப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டினாற் சில்லு. சைக்கிள் கம்பித் துண்டு அச்சாணி. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பிற்காலத்தில் ஒரு பெட்டியைக் கையிலே தந்தபோது, அதற்குள்ளே காரின் பாகங்கள் நூற்றுக்கு மேல், தென்னீர்க்கில் ஓலை தொங்குவது போலச் சட்டங்களிலே தொங்கிக்கொண்டிருந்தன. அன்று தொடங்கிய பழக்கம், வயது நாற்பதைத் தாண்டிய பின்னரும் விட்டபாடில்லை. ஆகவே இந்த வரலாற்றைச் சொல்லும் எனக்கு இதிலே பட்சபாதம் உண்டு என்பதையும் நேயர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

பிளாஸ்ரிக் வருவதற்கு முன்னரே அமெரிக்கச் சிறுவர்கள் மாதிரி வண்டி செய்தார்கள். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்துக்குக் காரின் உடற்பகுதியைக் கட்டிக் கொடுத்த பிரிவு பிஷர் பொடி என்பதாகும். நெப்போலியன் காலத்து அரச வண்டி ஒன்றே அதன் இலச்சினை. 1930ஆம் ஆண்டில் இப்பிரிவு பிஷர் பொடிக் கைவினைஞர் கழகம் என்ற ஒன்றை ஆரம்பித்து, அந்த அரச வண்டியின் சிற்றுருவை மரத்தாலும் உலோகத்தாலும் துணியாலும் செய்து அனுப்புமாறு பதின்ம வயதுப் பையன்களை அழைத்தது. வென்றவர்களுக்கு 5,000 டொலர் புலமைப் பரிசில். பெரும் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலத்திலே அது சாதாரண தொகையன்று. கதவு திறக்க வேண்டும். கண்ணாடி ஏறி இறங்க வேண்டும். ஆயத்தப் பாகம் எதுவும் கடையிற் கிடையாது. பையன் தானே கடைந்து, தானே வார்த்து, தானே தைக்க வேண்டும். 1937 முதல் எதிர்காலக் கார்களைக் கற்பனை செய்து வடிக்கும் பிரிவும் சேர்க்கப்பட்டது. இடையிலே யுத்தத்தால் தடைப்பட்டாலும், 1968 வரை இக்கழகம் நடந்தது. அதிலே பரிசு பெற்ற பலர் பின்னாளிற் கார் வடிவமைப்பாளர்களாயினர். பெண் பிள்ளைகளுக்கு அதில் இடமிருக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இனிப் பிளாஸ்ரிக்குக்கு வருவோம். 1936இல் இங்கிலாந்திலே புரொக் என்ற பெயரில் விமான மாதிரிகளை விற்ற நிறுவனம், செலுலோஸ் அசற்றேற்றினால் வார்த்த பாகங்களைப் பெட்டியிலிட்டு விற்கத் தொடங்கியது. அதன் மற்றைய விமானங்கள் பறந்தன, இவை பறக்கமாட்டா. எனவே இவற்றுக்குப் பறக்காத பறவையான பென்குயினின் பெயரையே இட்டார்கள். ஊரா நற்றேர் பாடிய புலவன் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பான்.

எயார்பிக்ஸ் என்ற பெயரை நம்மவரிற் பலர் அறிவர. ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த நிக்கலஸ் கோவ் என்பவர் 1939இல் ஆரம்பித்த நிறுவனம் அது. வர்த்தகக் கைநூல்களில் அகரவரிசைப்படி முன்னுக்கு நிற்கவேண்டும் என்பதற்காகவே அப்பெயரை வைத்தாராம். நாற்பதுகளின் இறுதியில் பேர்கசன் உழவு இயந்திர நிறுவனம், தன் விற்பனையாளர்கள் கொண்டு திரிவதற்காக ஒரு சிறு மாதிரியைச் செய்து தரும்படி இவரிடம் கேட்டது. பொருத்திக் கொடுப்பதற்குக் கூலி அதிகம். பொருத்தாமலே பாகங்களாக விற்றால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. பின்னர் பிரான்சிஸ் டிரேக்கின் கோல்டன் ஹைண்ட் கப்பல் இரண்டு சிலிங்குக்கு வூல்வேர்த் கடைகளிலே பையிலிட்டு விற்கப்பட்டது. ஐம்பதுகளின் நடுப்பகுதியிலே பழைய கார்களும் 32இல் ஒரு பங்கு அளவில் அதே வழியில் வந்தன. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ரெவெல் நிறுவனமும் இங்கிலாந்தின் கௌலண்ட் சகோதரர்களோடு சேர்ந்து, ஐம்பதுகளின் தொடக்கத்திலே ‘நெடுஞ்சாலை முன்னோடிகள்’ என்ற பழங்கார் வரிசையை வெளியிட்டது.

விற்பனையாளனின் கையிலிருந்த மாதிரி குழந்தையின் கைக்குப் போன இந்த வழிதான் டிட்ரோயிட்டிலும் நிகழ்ந்தது. அங்கே அது பெரிய அளவில் நிகழ்ந்தது. 1948இல் வெஸ்ற் கலோக்லி என்ற சட்டத்தரணி அலுமினியம் மொடல் ரோய்ஸ் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். முதலில் அவர் வார்த்தது அலுமினியத்தாலான ஒரு போர்ட் கார். அதற்குப் பூசியது போர்ட் நிறுவனம் உண்மைக் காருக்குப் பூசிய அதே பெயின்ற். விரைவிலே அலுமினியம் போய்ப் பிளாஸ்ரிக் வந்தது. பெயர் ஏ.எம்.ரி. எனச் சுருங்கியது. ஜோன் ஹான்லி என்பவரின் ஜோ-ஹான் நிறுவனமும் அதே காலத்தில் அதே நகரில் எழுந்தது. கார் உற்பத்தியாளர்கள் புதிய ஆண்டின் காரை வெளியிடுமுன்பே அதன் வரைபடங்களை இவர்களிடம் கொடுப்பார்கள். இவர்கள் 25இல் ஒரு பங்கு அளவிலே, அதாவது ஐந்து மீற்றர்க் காரை இருபது சென்ரிமீற்றராக்கி, உண்மை நிறத்திலே வார்த்து விற்பனை நிலையங்களுக்கு அனுப்புவார்கள். தகப்பன் காரைச் சுற்றி நடந்து விலை பேசும்போது மகனின் கையிலே அந்தச் சின்னக் கார் இருக்கும். வீட்டுக்குப் போன பின்னரும் அது மேசைமேல் நின்று தகப்பனைப் பார்த்துக்கொண்டேயிருக்கும். விளம்பரக் கலையிலே இதைவிடச் சாதுரியமான தந்திரத்தை நான் கண்டதில்லை.

ஒரேயொரு குறை. செலுலோஸ் அசற்றேற் காலப்போக்கிற் கோணும். அறுபதுகளின் தொடக்கத்திலே பொலிஸ்ரைரீன் வந்து அந்த நோயைத் தீர்த்தது. ஆனால் முந்திய பத்தாண்டின் கார்கள் இன்றும் சேகரிப்பாளரின் அலுமாரிகளிலே, வெயிலில் வைத்த பனையோலை போல முதுகு வளைந்து நிற்கின்றன.

1958ஆம் ஆண்டிலே திருப்பம் வந்தது. இந்த விளம்பரக் காரைப் பொருத்தாத பாகங்களாகப் பெட்டியிலிட்டு, அதனோடு மேலதிக பாகங்களையும் சேர்த்து, ‘ஒன்றில் மூன்று’ என்று விற்றார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கட்டலாம். தன் விருப்பப்படி உருமாற்றிக் கட்டலாம். பந்தயக் காராகவும் கட்டலாம். ஜோர்ஜ் பரிஸ் போன்ற, உண்மைக் கார்களை வெட்டி ஒட்டி உருமாற்றிய கலிபோர்னியக் கைவினைஞர்களின் ஆலோசனையும் பின்னர் பெறப்பட்டது. அறுபதுகளின் அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு இது எத்தகைய சுதந்திரம் என்று எண்ணிப் பாருங்கள். சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும் வயது இன்னும் வரவில்லை. கார் வாங்கப் பணமில்லை. ஆனால் கூரையை எவ்வளவு தாழ்த்துவது, என்ன நிறம் பூசுவது என்பதை அவனே தீர்மானிக்கிறான்.

இங்கே ஒரு வாதம் உண்டு. பிஷர் கழகத்துப் பையன் மரத்தைச் செதுக்கினான். இந்தப் பையன் பாகத்தை ஒட்டுகிறான். பெட்டி வந்தது, கைவினை செத்தது என்று சொல்வோர் இருக்கிறார்கள். செருப்புச் சில்லு வெட்டியவன் என்ற வகையிலே எனக்கும் அந்த வாதத்தில் ஒரு சாய்வு இருந்ததுண்டு. ஆனால் ஒரு மாதிரிக் காரை முறையாகச் செய்து முடிப்பதில் ஒட்டுதல் மிகச் சிறிய பகுதி என்பதை வேலையிலே இறங்கியவர்கள் அறிவார்கள். முடிப்பதற்குள் சிலருக்கு மாதங்கள் ஆகும்.

ஒட்டுதலையே முதலில் எடுத்துக்கொள்வோம். இதிற் பயன்படுவது பசை என்று சொல்லப்பட்டாலும் பசையன்று. பொலிஸ்ரைரீனின் மேற்பரப்பைக் கரைக்கும் ஒரு திரவம். இரண்டு விளிம்புகளும் கரைந்து கலக்க, திரவம் ஆவியாகிப் போக, இரண்டும் ஒரே துண்டாகிவிடுகின்றன. இரும்பை உருக்கிப் பொருத்துவதைப் போன்றது இது. இந்தத் திரவத்தை வேண்டுமென்றே முகர்ந்து மயங்கும் பழக்கம் அறுபதுகளிலே அமெரிக்க இளைஞரிடம் பரவிப் பெரும் பீதியைக் கிளப்பியது. மூக்கை எரிக்கும் கடுகெண்ணெய்ச் சாரத்தைக் கலந்து விற்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. பெற்றோர் சந்தேகக் கண்ணோடு பார்த்த பொழுதுபோக்காகவும் இது சில காலம் இருந்ததென்பதை வரலாறு மறைக்கலாகாது.

அச்சின் பாதிகள் கூடிய இடத்திலே, உடற்பகுதியில் மயிரிழை போல ஒரு வரம்பு ஓடும். அதைக் கத்தி முனையாற் சுரண்டி அரத்தாளினால் அழிக்க வேண்டும். பின்னர் சவர்க்கார நீரிற் கழுவ வேண்டும். விரலின் எண்ணெய் பட்ட இடத்திலே பெயின்ற் பிடிக்காது. அதன்மேல் முதற்பூச்சு. அது வெறும் அடிநிறமன்று. கண்ணுக்குத் தெரியாத கீறல் எல்லாவற்றையும் அதுதான் காட்டிக் கொடுக்கும். கீறலை நிரப்பி, தேய்த்து, மீண்டும் பூசி, மீண்டும் தேய்த்து... என் வீட்டாருக்கு இது ஒரு நோயாகவே தோன்றுகிறது.

நிறம் பூசுவதிலே ஒரு கணக்கு இருக்கிறது. உண்மைக் காரின் மேலுள்ள எல்லாப் பூச்சுகளும் சேர்ந்து ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்பிருக்கும். அதனை 25ஆல் வகுத்தால் 0.004 மில்லிமீற்றர். தூரிகையாற் பூசினால் அதைப்போற் பல மடங்கு தடித்துவிடும். கதவின் இடுக்குகள் தூர்ந்துபோகும். கார் சீனிப்பாகில் தோய்த்தது போலிருக்கும். ஆகவேதான் காற்றழுத்தத்தால் விசிறி, மெல்லிய படலங்களாகப் பல தடவை பூசுகிறார்கள். உலோகத் துகள் கலந்த பெயின்ற்றிலும் இதே சிக்கல். உண்மைக் காருக்கான துகளை மாதிரியிலே விசிறினால் ஒவ்வொரு துகளும் கூழாங்கல் அளவாகத் தெரியும். எல்லாம் காய்ந்த பின்னர், நாட்கணக்கில் காத்திருந்து, மிக நுண்ணிய அரத்தாளை நீரிலே தோய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். சன்னலைச் சுற்றிய வெள்ளிக் கோட்டுக்கு, மூச்சுப் பட்டாலே மடிந்துவிடும் உலோகத் தாளை ஒட்டிக் கத்தியால் ஓரம் வெட்டுவார்கள். உருவத்தைக் குறுக்கலாம், பொருளின் இயல்பைக் குறுக்க முடியாது என்பதே இந்தக் கலையின் அடிப்படைத் தொல்லை. பெட்டி கைவினையைக் கொல்லவில்லை. செதுக்கும் கையை மெருகேற்றும் கையாக மாற்றியது என்பதே என் முடிபு.

யப்பானைத் தொடாமல் இக்கதை நிறைவுறாது. ஷிசுவோக்கா நகரம் நெடுங்காலமாக மரவேலைக்குப் பெயர்போனது. கோயில் கட்ட வந்த தச்சர்களும் அரக்குப் பூசும் கலைஞர்களும் அங்கே தங்கிவிட்டார்கள் என்பர். 1946இலே அந்நகரில் மர ஆலையாக ஆரம்பித்த தமியா குடும்பம் மர மாதிரிகளுக்கு மாறி, 1960இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்ரிக்கில் இறங்கியது. முதல் முயற்சி நட்டத்திலே முடிந்தது. ஆனால் 1967இல் ஹொண்டாவின் பந்தயக் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காக வெளியிட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது. எழுபதுகளில் போர்ஷ் 934 காருக்கான அச்சைத் தயாரிக்கையில், நிறுவனத்தின் சுன்சாக்கு தமியா உண்மையான போர்ஷ் 911 ஒன்றை வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்தார். விளையாட்டுக் காருக்காக உண்மைக் காரைப் பிரித்த மனிதர்! 2025இல் தமது தொண்ணூறாவது வயதில் அவர் காலமானார்.

இவற்றையெல்லாம் வரலாறு என்று கொள்ளலாமா என்று நண்பரொருவர், அவரும் ஆசிரியரே, என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

1963இலே கிறைஸ்லர் நிறுவனம், விமானத்திலுள்ளதைப் போன்ற சுழலி இயந்திரம் பூட்டிய கார்களைச் செய்தது. உடற்பகுதிகள் இத்தாலியின் கியா தொழிற்கூடத்திலே கையாற் கட்டப்பட்டன. மொத்தம் 55 கார்கள். அவற்றில் 50 கார்கள் செம்பழுப்பு வெண்கல நிறத்தில், 203 பேருக்கு மாறி மாறி மூன்று மாதம் வீதம் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கப்பட்டன. டீசலில் ஓடும். விமான எரிபொருளில் ஓடும். மண்ணெண்ணெயிலும் ஓடும். (தடைக் காலத்திலே பெற்றோலைச் சில துளி காட்டி எழுப்பி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40 ஓட்டிய எங்கள் ஊரவர்களுக்கு இது பெரிய புதுமையாகத் தோன்றாது!) 1966இல் பரிசோதனை முடிந்தது. பின்னர் கிறைஸ்லர் அக்கார்களில் 46ஐத் தானே அழித்தது. இத்தாலிய உடற்பகுதிகளுக்கான சுங்க வரியே காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பராமரிக்க வழியில்லாத கார்கள் பழைய கார்ச் சந்தையிலே அலைவதை நிறுவனம் விரும்பவில்லை என்பதும் சொல்லப்படும். எப்படியோ, நெருப்பிலும் நசுக்கியிலும் அவை முடிந்தன. எஞ்சியவை ஒன்பது.

ஆனால் கார்கள் வீதியில் ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களிலேயே, ஜோ-ஹான் நிறுவனம் இக்காரை 25இல் ஒரு பங்காக வார்த்துப் பெட்டியிலே விற்றிருந்தது. சுழலி இயந்திரமும் உள்ளே இருந்தது. உண்மைக் காரை அழிக்க உத்தரவிட்டவர்களால், சிறுவர்களின் அறைகளிலே பரவிக்கிடந்த அந்தச் சின்னக் கார்களை அழிக்க முடியவில்லை. எண்ணெய்ப் பாத்திரத்தின் வடிவம் எப்படி, பின்விளக்கின் வளைவு எப்படி என்று இன்று ஒருவன் விரலாலே தடவி அறியலாம். தகடூர் யாத்திரை என்ற நூல் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரையாசிரியரின் மேற்கோள்களிலும் அதன் செய்யுள்கள் சில தப்பின. தொகுத்தவரும் உரை எழுதியவரும் அந்நூலைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் அல்லர்; தங்கள் வேலையைச் செய்தார்கள். ஜோ-ஹானும் அவ்வாறே.

ஆனால் அச்சுகளின் கதி வேறு. அச்சு செய்வதற்குப் பெருஞ்செலவு. ஆகையால் ஓராண்டு முடிந்ததும் அதே இரும்பை வெட்டித் திருத்தி அடுத்த ஆண்டின் காராக்குவார்கள். முன்னைய ஆண்டின் வடிவம் உலோகத்திலே அழிந்து போகும். பழைய ஏட்டைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயே புதிதாக எழுதுவதைப் போன்றது இது. எனவேதான் அறுபதுகளின் பல கார்களை இன்று மீள வார்க்க இயலாது. கட்டப்படாமல் எஞ்சிய பெட்டிக்கு அதனாலேயே அவ்வளவு விலை. நிறுவனங்களும் கைமாறிவிட்டன. எயார்பிக்ஸ் 1981இலே முறிந்து, பல கை மாறி, 2006இல் ஹோர்ன்பியிடம் சேர்ந்தது. ரெவெலின் அமெரிக்கத் தாய் நிறுவனம் 2018இல் வங்குரோத்தானது. பெயர்கள் மாத்திரம் பெட்டிகளின் மேல் தொடர்கின்றன.

எஞ்சியவையும் பத்திரமாக இல்லை. அந்நாளைய வைனல் ரயர்களை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள், ஆண்டுகள் செல்லச் செல்ல வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பொலிஸ்ரைரீன் சில்லைக் கரைத்துவிடுகிறது. பெட்டியைத் திறக்காமல் முப்பது ஆண்டு வைத்திருந்தவர், திறந்து பார்க்கையில் ரயர் சில்லைத் தின்றிருக்கும். கண்ணாடிப் பாகத்தின் மேல் ரயர் கிடந்திருந்தால், அதன் வட்டத் தழும்பு கண்ணாடியில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும். இதனை அறிந்தவர்கள் பழைய பெட்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாக நான்கு ரயர்களையும் எடுத்து, வேறாகக் கடதாசியிற் சுற்றி, மற்றப் பாகங்களில் முட்டாதவாறு பெட்டியின் ஒரு மூலையில் வைக்கிறார்கள்.